இயந்திரத்துக்கா, மனிதருக்கா?

விலைகொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவனுக்கே உரியது என்பது சந்தை தோன்றிய நாள்முதல் மனிதர் ஒப்புக்கொண்ட நியதியாகும். கல்முனைச் சந்தையில் மண்வெட்டி ஒன்றை வாங்கியவன் அதனை நற்பிட்டிமுனை வயலிலும் பிடிக்கலாம். நாளை சம்மாந்துறைக்குக் குடிபெயர்ந்தால் அங்கும் கொண்டுசெல்லலாம். பிடி முறிந்தால் வேறு பிடி போட்டுக்கொள்ளலாம். மண்வெட்டியைச் செய்த கொல்லன் குறுக்கே வந்து, இத்தகடு முதற்போட்ட பிடிக்கு மட்டுமே உரியது, பிடி போயின் தகடும் போயிற்று என்று தடுப்பதில்லை. கணினியின் பணிசெயல் முறைமையைப் பொறுத்தவரையிலோ அவ்வாறு தடுக்கும் கொல்லன் ஒருவன் உளன்.

கடையில் பணம் கொடுத்து விண்டோஸ் வாங்கும் ஒருவர் உண்மையில் வாங்குவது விண்டோஸை அன்று. அதனைப் பயன்படுத்துவதற்கான அனுமதியையே. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் உடன்படிக்கையே இது விற்பனையன்று, உரிமம் வழங்கல் மட்டுமே என்று வெளிப்படையாகச் சொல்கின்றது. அவ்வுரிமம் தனிமனிதர் கைக்குப் பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் வந்துசேரும். கணினிகளைப் பொருத்தி விற்பவருக்கென வகுக்கப்பட்டது ஒன்று; கடைக்காரர் இதனை ஓ.ஈ.எம். என்பர். நேரே பாவனையாளருக்கென விற்கப்படுவது மற்றையது; இது ரீற்றெயில், அதாவது சில்லறை உரிமம். இரண்டிலும் உள்ள மென்பொருள் ஒன்றே. திரையில் தோன்றும் படமும், பொத்தான்களும், வேகமும், மாதந்தோறும் வரும் பாதுகாப்புத் திருத்தங்களும் ஒன்றே. விலை மாத்திரம் வேறு. ஏன் வேறு என்று கேட்டால், கடைக்காரர் பலர் "அது கொம்பனி வெல, சேர்" என்பதோடு நின்றுவிடுவர்.

கலைப்பீட மாணவனாகிய எனக்கு இவ்வேறுபாட்டை ஆராயவேண்டிய தேவை 2025ஆம் ஆண்டின் ஒக்டோபரில் ஏற்பட்டது. என் ராத்தா எங்களூர்ப் பிரதான வீதியோரத்தில் ஒரு சிற்றறையை வாடகைக்கு எடுத்து, தட்டெழுத்தும் நிழற்பிரதியும் செய்யும் நிலையமொன்றைத் தொடங்கத் தீர்மானித்தார். பரீட்சை விண்ணப்பம், அஸ்வெசும மேன்முறையீடு, வெளிநாட்டு வேலைக்கான சுயவிபரக் கோவை, கலியாணக் கடிதம் என்று ஊரார் கல்முனைக்கு அலையும் காரியங்கள் யாவும் அங்கே நடைபெறவேண்டும் என்பது அவரது எண்ணம். கட்டார் நாட்டில் தொழில்புரியும் மச்சான் ஒரு தொகைப் பணத்தை அனுப்பியிருந்தார். அதற்குள் கணினி, அச்சுப்பொறி, மேசை, அறைக்கான முற்பணம் அனைத்தும் அடங்கவேண்டும். இரண்டாவது தடவை அனுப்புவதற்கு வழியில்லை என்பது அனைவரும் அறிந்ததே. குடும்பத்தில் ஆங்கிலத்தில் எழுதிய உடன்படிக்கைகளைப் பொறுமையோடு படிக்கக்கூடியவன் என்று கருதப்பட்டவன் நான். எனவே, எந்த உரிமத்தை வாங்குவது என்ற வினா விடுமுறைக்கு வந்த என் தலையில் வந்து வீழ்ந்தது.

முதலில் ஓ.ஈ.எம். உரிமத்தின் இயல்பை நோக்குவோம். இது எந்தக் கணினியில் முதன்முதலாக நிறுவப்படுகின்றதோ அந்தக் கணினியோடு பிணைந்துவிடும். கணினி என்பது யாது? வன்தட்டை மாற்றலாம், நினைவகத்தைக் கூட்டலாம், திரையையும் விசைப்பலகையையும் தூக்கி எறியலாம், அப்போதும் அது அதே கணினிதான். ஆனால் தாய்ப்பலகையை மாற்றினால் அது வேறொரு கணினி என்பதே மைக்ரோசொப்ட்டின் வரைவிலக்கணம். மனிதனின் தான்மை எங்கே உறைகின்றது என்று மெய்யியல் விரிவுரைகளில் மணிக்கணக்காக விவாதிக்கின்றோம். கணினியைப் பொறுத்தவரை அவ்வினாவை ஒரு வர்த்தக நிறுவனம் ஒரே வரியில் தீர்த்து வைத்துவிட்டது. பழுதடைந்த தாய்ப்பலகையை உத்தரவாதத்தின் கீழ் மாற்றினால் மட்டும் உரிமம் தொடர்ந்து செல்லும் என்று ஒரு விலக்கும் அளித்துள்ளார்கள். அவ்விலக்குக்குப் பின்னர் வருவேன்.

சில்லறை உரிமமோ மனிதரைச் சார்ந்தது. ஒரே வேளையில் ஒரு கணினியில் மாத்திரமே அதனை வைத்திருக்கலாம் என்பது உண்மை. ஆயினும், பழைய இயந்திரத்திலிருந்து அகற்றிவிட்டுப் புதியதில் நிறுவிக்கொள்ளலாம். இயந்திரம் இறந்தாலும் உரிமம் இறவாது.

எங்கள் கிழக்குக் கரையார்க்கு இது புதிய சிந்தனையும் அன்று. இங்கே வீடு பெண்ணுக்குரியது. திருமணத்தின்போது அது அவள் பேருக்கு எழுதப்படும். கணவனே அவ்வீட்டுக்கு வருவான். வீட்டோடு சேர்ந்த தென்னையும் கிணறும் வீட்டோடேயே நிற்கும். பெட்டகத்தில் இருக்கும் நகையோ அவள் போகுமிடமெல்லாம் கூடப்போகும். ஓ.ஈ.எம். உரிமம் வளவில் நிற்கும் தென்னை. சில்லறை உரிமம் பெட்டகத்து நகை. ராத்தாவுக்கு நான் இவ்வாறு விளக்கியபோது அவர் உடனே விளங்கிக்கொண்டார் என்பது மட்டுமன்றி, நான் எதிர்பாராத ஒரு கேள்வியையும் கேட்டார்: "அப்ப தம்பி, கட வாடகைக் கட. நாளைக்கி அறையும் மாறும், மெசினும் மாறும். எனக்கிட்ட நிலைச்சு நிக்கிறது என்ன?"

இத்தகைய இரட்டை ஏற்பாடு எவ்வாறு வந்தது என்பதை அறிய, வரலாற்றைச் சிறிது பின்னோக்க வேண்டும். 1981ஆம் ஆண்டு ஓகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை வெளியிட்டபோது, அதற்கான பணிசெயல் முறைமையை மைக்ரோசொப்ட் வழங்கியது. ஆயின், அதனைப் பிற உற்பத்தியாளருக்கும் வழங்கும் உரிமையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. அந்நிறுவனத்தின் பெருஞ்செல்வம் கடைகளில் பெட்டி பெட்டியாக விற்றதால் வந்ததன்று; உலகெங்கும் கணினி செய்வோர் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் செலுத்திய சிறு தொகையால் வந்தது. ஒரு காலத்தில் விதிக்கப்பட்ட நிபந்தனை இன்னும் விசித்திரமானது. சில உற்பத்தியாளர்கள், தாம் அனுப்பும் கணினியில் மைக்ரோசொப்ட்டின் முறைமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொன்றுக்கும் பணம் செலுத்தவேண்டும் என்பது அது. 1994 ஜூலையில் ஐக்கிய அமெரிக்க நீதித் திணைக்களத்துடன் ஏற்பட்ட இணக்கத்தின் மூலமே இவ்வழக்கம் கைவிடப்பட்டது. உரிமத்தை இயந்திரத்தோடு கட்டும் சிந்தனையின் வேர் இங்கேதான் உள்ளது. பெருந்தொகையாக வாங்கும் உற்பத்தியாளனுக்கு விலை குறைத்துக் கொடுக்கலாம். ஆனால் குறைந்த விலையில் போன பொருள் கழன்று வெளியே வந்து, முழுவிலைப் பொருளோடு போட்டியிடக் கூடாது. ஆகவே கட்டு.

பெரிய உற்பத்தியாளர் விற்கும் மடிக்கணினிகளில் இக்கட்டு கண்ணுக்கே தெரிவதில்லை. முன்னர் கணினியின் முதுகில் ஒட்டியிருந்த இருபத்தைந்து எழுத்துச் சாவி, 2012இல் விண்டோஸ் 8 வந்த பின்னர், தாய்ப்பலகையின் உள்ளேயே பதிக்கப்படலாயிற்று. சொந்தக்காரருக்குத் தம் சாவி யாதென்றே தெரியாது. சிறு கடைகளில் பாகங்களை வாங்கிப் பொருத்தும் கணினிக்கோ தனியே ஓர் உறையில் வரும் ஓ.ஈ.எம். உரிமம் உண்டு. அது பொருத்துநருக்கானது. அவர் அதனை நிறுவி, கணினியோடு சேர்த்துப் பிறருக்கு விற்கவேண்டும்; வாங்கியவருக்கு ஏதும் இடர் நேர்ந்தால் உதவவேண்டியவரும் அவரே, மைக்ரோசொப்ட் அன்று. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. விண்டோஸ் 7 காலத்தில், தன் சொந்தப் பாவனைக்காகத் தானே ஒரு கணினியைப் பொருத்திக்கொள்பவர் இவ்வுரிமத்தை வாங்குவது உடன்படிக்கையின் எழுத்துக்கு ஒவ்வாததாக இருந்தது. ஏனெனில் அவர் யாருக்கும் விற்கவில்லை! உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் அதனை வாங்கித் தம் வீட்டில் நிறுவினர். கடைகளும் வினாவின்றி விற்றன. விண்டோஸ் 8 உடன்படிக்கையிலேதான் சொந்தப் பாவனைக்கும் இடமுண்டு என்று எழுதினார்கள். சட்டத்தை மக்கள் பின்பற்றாதவிடத்துச் சட்டம் மக்களைப் பின்பற்றியதற்கு இஃதொரு சிறு சான்று.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். நற்பிட்டிமுனைக்கும் கடலுக்கும் இடையே கல்முனை நகரம் உள்ளது, மேற்கே வயல்வெளி. ஆயினும் உப்புக்காற்றுக்கு நகரம் ஒரு தடையன்று. யன்னல் கம்பியும் துவிச்சக்கரவண்டிச் சங்கிலியும் துருவேறும் வேகத்தை இங்கே வாழ்பவர் அறிவர். கணினிப் பெட்டியைத் திறந்து பார்த்தால் திருகாணிகளில் பழுப்பு நிறமும், செம்பு முனைகளில் பச்சை நிறமும் படிந்திருக்கும். உப்பும் ஈரமும் சேர்ந்து மின்னோட்டம் செல்லும் நுண்ணிய கோடுகளை அரிக்கின்றன. இதற்குமேல், ஒக்டோபர், நவம்பர் மாதப் பிற்பகல்களில் வரும் இடிமின்னல். மின்கம்பிவழி வரும் திடீர் அழுத்தம் ஒரு கணத்திலே தாய்ப்பலகையைக் கொன்றுவிடும். எங்கள் உறவினர் வட்டத்திலேயே தாய்ப்பலகை போன கணினிகள் மூன்றை நான் எண்ணினேன். மூன்றிலும் வன்தட்டும் நினைவகமும் நன்றாகவே இருந்தன. வேறிடங்களில் பலர் தாய்ப்பலகையை மாற்றுவது இன்னும் வேகமான கணினி வேண்டும் என்பதற்காக. இங்கே அது மையித்து.

முன்னர் குறிப்பிட்ட விலக்கு இங்கேதான் வலுவிழக்கின்றது. பழுதடைந்த பலகையை உத்தரவாதத்தின் கீழ் மாற்றினால் உரிமம் தொடரும் என்பது எழுத்து. ஆனால் எங்களுக்குக் கிடைத்த உத்தரவாத அட்டையின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருந்தது என்ன? எரிந்த அடையாளம், துரு, மின்னல் ஆகியவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்பதே. எவ்வெவற்றால் இக்கரையில் பலகைகள் மடிகின்றனவோ, அவையே எண்ணியெண்ணி நீக்கப்பட்டிருந்தன. குளிரூட்டிய அறையிலிருந்து கொண்டு எழுதப்பட்ட உடன்படிக்கையையும், கொழும்பில் அச்சிடப்பட்ட அட்டையையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியில் நற்பிட்டிமுனை விழுந்து கிடப்பது தெரியும்.

கணினியைப் பொருத்தித் தரவிருந்த இளைஞர் மறுபக்க நியாயத்தைச் சொன்னார். அதனைத் தள்ளிவிட முடியாது. இரு உரிமங்களுக்கும் இடையிலான விலை வேறுபாடு, ஒரு சிறிய யூ.பி.எஸ். வாங்க ஏறத்தாழப் போதியதாக இருந்தது. ஓ.ஈ.எம். வாங்கி, மிச்சப் பணத்தில் யூ.பி.எஸ். வைத்தால் பலகையே சாகாது. பலகை சாகாவிட்டால் உரிமமும் சாகாது. மின்சாரம் போகும்போது தட்டெழுதியதும் அழியாது என்றார் அவர். மேலும், "மைக்ரோசொப்ட்டுக்குக் கோல் எடுத்தா ஆரு உங்களோட தமிழ்ல கதைக்கிற? நான் அடுத்த தெருவுலதானே இருக்கன்" என்றும் கேட்டார். ஆதரவு வழங்கும் பொறுப்பைப் பொருத்துநர் தலையில் ஏற்றிவைத்ததை ஓ.ஈ.எம். உரிமத்தின் குறை என்று கூறுவது வழக்கம். அடுத்த தெருவில் அறிந்தவர் ஒருவர் இருக்கும் ஊரில் அது குறையே அன்று. என் மனம் உண்மையிலேயே இருபக்கமும் ஊசலாடியது.

செலவே இல்லாத வேறொரு வழியைக் காட்டியவரும் உண்டு. என் வயதொத்த உறவினன் ஒருவன், பூட்டுடைத்த விண்டோஸ் ஒன்றை அரைமணி நேரத்தில் போட்டுத் தருவதாகச் சொன்னான். அவனைப் பழிப்பதில் பொருளில்லை. 2017இல் இலங்கைக் கணினிகளில் இருந்த மென்பொருள்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை உரிமம் அற்றவை என்று மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பு மதிப்பிட்டிருந்தது. சில டொலருக்கு இணையத்தில் விற்கப்படும் சாவிகளும் இதன் தம்பிமாரே. பெரும்பாலும் ஏதோவொரு நிறுவனம் தன் பாவனைக்கென மொத்தமாகப் பெற்ற சாவி, பலருக்கும் பங்கிடப்பட்டிருக்கும். இன்று வேலை செய்யும். என்றோ ஒருநாள் தடுக்கப்படும். சட்டத்தைச் சொல்வதாயின், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களைப் பாதுகாப்பதோடு, மீறிய நிரலை அறிந்துகொண்டே வர்த்தக இலாபத்துக்குப் பயன்படுத்துவதையும் குற்றமாக்கியுள்ளது. வீட்டில் இருக்கும் கணினிக்கும் கடையில் இருக்கும் கணினிக்கும் இடையே உள்ள வேறுபாடு இது.

ஆயினும் எங்கள் வீட்டில் இவ்விடயத்தை முடித்து வைத்தது சட்டம் அன்று, உம்மா. அடுப்படியில் இருந்தபடியே, "மகன், மச்சான்ட காசு வெயில்ல நிண்டு உழச்ச காசு. அதுல தொடங்குற கடைக்கி களவெடுத்த சாமான் வாணா" என்றார். மென்பொருளைப் பிரதி செய்வது களவா என்று வினவும் அறிஞர் உண்டு. எடுத்தபின்பும் உடையவனிடம் பொருள் இருக்கின்றதே என்பது அவர்தம் வாதம். 1988 டிசெம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் கலைமன்றம், நூலாக்கம், புத்தாக்கம் போன்ற உருவமற்ற உரிமைகளும் மார்க்க அடிப்படையில் பாதுகாக்கப்பட்டவையே, அவற்றை மீறலாகாது என்று தீர்மானித்ததை நான் பின்னரே படித்தறிந்தேன். உம்மா அதனைப் படிக்காமலேயே வந்து சேர்ந்திருந்தார்.

களவும் இன்றிச் செலவும் இன்றி ஒரு வழி உண்டு என்பதையும் சொல்லாதுவிடுவது நேர்மையாகாது. லினக்ஸ் போன்ற சுதந்திர மென்பொருளில் இயந்திரமா மனிதரா என்ற வினாவே எழுவதில்லை. எத்தனை கணினியிலும் நிறுவலாம், எவருக்கும் கொடுக்கலாம். எங்கள் கரைக்கு இதனோடு ஒரு தொடர்பும் இருக்கின்றது. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை அடித்தபோது, இந்நாட்டில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. காணாமற்போனோரைப் பதிவதற்கும், முகாம்களையும் உதவிப்பொருள்களையும் ஒழுங்குசெய்வதற்கும் இலங்கை மென்பொருளாளர் சில நாள்களுக்குள் உருவாக்கிய 'சகானா' என்ற முறைமை, எவரும் எடுத்தாளக்கூடிய சுதந்திர மென்பொருளாகவே வெளியிடப்பட்டது. பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. அதற்கு 2006ஆம் ஆண்டுக்கான சமூகப்பயன் விருதைச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை அளித்தது. அவ்வேளையில், உரிமம் எந்தப் பலகையோடு பிணைந்தது என்று எவரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ராத்தாவின் நிலையத்துக்கு அதனை நான் விதந்துரைக்காததற்குக் காரணம் சிறியதே. ஆனால் தொழிலில் சிறியனவே பெரியன. ஊரார் கொண்டுவரும் கோவைகள் பாமினி எழுத்துருவிலும் மைக்ரோசொப்ட் வேர்ட்டிலும் உள்ளன. ஒரு வரி இடம்பெயர்ந்தாலும் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். கடைதிறந்த முதல் மாதத்தில் அப்பரிசோதனைக்கு அவரிடம் அவகாசம் இருக்கவில்லை.

இந்தக் கட்டு எல்லா நாட்டிலும் செல்லுபடியானதா என்பதும் சிந்திக்கத்தக்கது. ஜேர்மனியின் சமஷ்டி உச்சநீதிமன்றம் 2000ஆம் ஆண்டு ஜூலையில் இது பற்றியே ஒரு தீர்ப்பை வழங்கியது. உரிமையாளரின் இசைவோடு ஒருமுறை சந்தைக்கு வந்துவிட்ட ஓ.ஈ.எம். பிரதியை, கணினியின்றித் தனியே விற்கக்கூடாது என்று பின்னால் வருவோரைத் தடுக்க முடியாது என்பது அதன் சாரம். மண்வெட்டிக் கொல்லனை நீதிமன்றம் தூரப் போகச் சொன்னது எனலாம். 2012 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம், ஒராக்கிள் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில், இணையவழி இறக்கிய பிரதிக்கும் இத்தகைய நியாயத்தை விரித்துரைத்தது. ஆகவே கட்டு என்பது பொருளின் இயற்கையன்று. அது ஒரு வாக்கியம். வாசிக்கும் நீதிபதியைப் பொறுத்து இறுகும், நெகிழும். ஜேர்மனியில் நெகிழ்ந்தது என்பதற்காகக் கல்முனையில் பிணைப்பை அவிழ்க்க எங்களால் இயலாது.

முடிவை ராத்தாவே எடுத்தார். சில்லறை உரிமத்தையே வாங்குவது என்றார். அவரது கணக்கு என்னுடையதைவிட எளியது. யூ.பி.எஸ். இரண்டு மாதம் பிந்தியும் வாங்கலாம். அதுவரை இடி முழங்கினால் செருகியைக் கழற்றிவிடலாம். உரிமத்தை அப்படிப் பிந்தி மாற்ற முடியாது. வேறொரு நியாயத்தையும் அவர் சொன்னார். பொருளியல் மாணவர்கூட இதனைக் கவனிக்கலாம். உரிமம் டொலர் விலைப் பொருள். ஐக்கிய அமெரிக்காவில் விண்டோஸ் 11 வீட்டுப் பதிப்பின் சில்லறை விலை 139 டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. மைக்ரோசொப்ட் ஒரு சதமும் கூட்டாமலே விலை மலையேறியது. "இண்டைக்கி வாங்கினது இண்டைய வெல. பலக போனா பலகய மட்டும் வாங்குவம்" என்றார். நாணயத்தின் வீழ்ச்சியை எதிர்த்து உரிமத்தைச் சேமிப்பாகக் கருதலாம் என்பதை எந்தக் கணினிச் சஞ்சிகையிலும் நான் படித்ததில்லை.

காலமும் அவர் பக்கம் நின்றது. 2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிவடைந்தது. மச்சான் விட்டுச்சென்ற பழைய மடிக்கணினிக்கு விண்டோஸ் 11 கேட்கும் தகுதி இல்லை. அதன் உரிமம் உண்மையானது, முறையானது, பணம் கொடுத்துப் பெற்றது. ஆனால் அந்தப் பலகைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கின்றது. வெளியே எடுத்துப் புதிய கணினியில் வைக்க முடிந்திருந்தால், இக்கட்டுரைக்கே தேவை ஏற்பட்டிராது.

பொருத்துநர் இளைஞர் மனங்கோணவில்லை. கணினியைத் தந்தபோது, பெட்டியின் உட்புறத்தைத் தூசும் ஈரமும் புகாதவாறு எவ்வாறு வைத்திருப்பது என்பதையும் சொல்லிக்கொடுத்தார். ராத்தா உரிமத்தைத் தம் பெயரிலான கணக்கோடு இணைத்தார். பின்னர் அட்டையில் இருந்த இருபத்தைந்து எழுத்துகளையும் கடன் கொப்பியின் கடைசித் தாளில் எழுதிவைத்தார். அட்டையை பொலித்தீன் உறையில் சுற்றி, அலுமாரியின் மேற்தட்டில், வீட்டு உறுதிக்கும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களுக்கும் நடுவே வைத்துப் பூட்டினார்.